என் அக்கா, இரண்டாம் பிரதிவாதி

"அக்காவ டிஃபெண்டென்டா சேர்த்துடலாம் சார்," என்றார் என் வக்கீல், டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி. ஊறிய பாதி கப்புக்குள் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. வேறு கவலை எதுவும் தெரியவில்லை.

கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். கோலார் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்தால், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன் முகம் எனக்குத் தானாக வந்துவிடும்.

"சேர்க்கறதுன்னா... எங்க அக்கா மேலயே நான் கேஸ் போடற மாதிரியா?"

"மாதிரி என்ன சார், கேஸேதான். ஆனா சும்மா ஃபார்மாலிட்டி. அவங்ககிட்டேருந்து நீங்க ஒண்ணும் கேக்கப் போறதில்ல. கோர்ட்டுல ரெண்டே பக்கம்தான். உங்ககூட சேர்ந்து கையெழுத்து போட்டா வாதி. போடலேன்னா பிரதிவாதி. நடுவுல சேர் போட்டு உக்கார எடம் கெடையாது."

"சேர்க்கலேன்னா?"

"கேஸ் நிக்காது. பங்கு இருக்கற ஒருத்தர வெளிய விட்டுட்டு 'இது என் நிலம்'னு டிக்ரி கேக்க முடியாது. அந்தாளோட வக்கீல் அதத்தான் புடிச்சிட்டாரு."

அந்தாள் என்பது முதல் பிரதிவாதி. பொம்மசந்திராவைத் தாண்டி அப்பா ஒரு சைட் வாங்கிப் போட்டிருந்தார். முப்பதுக்கு நாற்பது. பெங்களூரில் அதை சைட் என்றுதான் சொல்வோம். மனை என்று கூப்பிட்டால் அந்த நிலமே திரும்பிப் பார்க்காது. அப்பா போன பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை போய், முள்செடி வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்புவேன். ஒருமுறை போனபோது முள்செடியைக் காணவில்லை. ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளேயிருந்து நல்ல உடற்கட்டான ஒருவர் பல்குச்சியோடு வெளியே வந்து, "யாரு வேணும்?" என்று கன்னடத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சட்டப்படியான பதில்கள் பல உண்டு. நான் சொன்னது, "ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்பாவுக்கு விற்ற விவசாயியின் மகன் அதே இடத்தைத் தனக்கு மறுபடி விற்றதாக அவர் ஒரு பத்திரம் வைத்திருந்தார். நான் கேஸ் போட்டேன். அவர் பதில் மனு போட்டார். அதன் நடுவில் ஒரு பத்தி: வாதி தன்னை ஏக வாரிசு என்று சொல்லிக்கொள்வது பொய், காலமானவருக்கு ஒரு மகள் உண்டு, அவர் உயிரோடு இருக்கிறார், அவரைச் சேர்க்காத வழக்கு செல்லாது. ஆதாரமாக ஒரு போட்டோ இணைத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் அப்பாவின் கல்.

மனுஷன் கல்லறை வரைக்கும் போயிருக்கிறார். அதில் 'என்றும் மறவாத மகள், மருமகன், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள்' என்று, மகளை முதலில் போட்டு, கருங்கல்லில் வெட்டியிருக்கிறது. அந்த வாசகத்தை எழுதிக்கொடுத்தது நான்தான். குடும்பத்தில் எழுதுகிறவன் என்ற பெயர் எனக்கு. இத்தனை வருடம் எழுதியதில் கோர்ட் ஆவணமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட என் படைப்பு அது ஒன்றுதான்.

"வாதியா சேர்த்துடலாமே? அக்காகிட்ட கேட்டா ஒரு கையெழுத்து போடுவாங்கதானே?" என்றார் வக்கீல்.

"போடுவா. ஆனா படிச்சிட்டுத்தான் போடுவா."

வக்கீலுக்குப் புரிந்துவிட்டது. பிஸ்கட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் வழக்கோடு நானே தாக்கல் செய்த ஆவணங்களில் மூன்றாவது, வம்சவிருட்சம்.

தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழ் என்பதுபோல இங்கே வம்சவிருட்சம். செத்தவருக்கு யார் யார் பிள்ளைகள் என்று மரம் மாதிரி வரைந்து, கீழே முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் காத்தாவை, அதாவது நிலம் இன்னார் பேரில் இருக்கிறது என்கிற பதிவை, அப்பா பேரிலிருந்து மாற்ற முடியும். அப்பா போன மறு வருடம் அதற்காக அந்தக் கிராமத்து ஆபீசுக்குப் போனேன். வாசலில் எல்லாவற்றையும் முடித்துக்கொடுக்கும் ஆசாமி ஒருவர் இருந்தார்.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அக்கா."

"மதுவே ஆயித்தா? கல்யாணம் ஆயிடுச்சுதானே? அப்ப விடுங்க சார். அவங்க பேரு போட்டா அவங்களும் வரணும், ஆதார் வேணும், ஒப்புதல் வேணும், ரெண்டு மூணு வாட்டி அலையணும். லேடீஸ எதுக்கு அலைய விடறது? பின்னால நீங்க பாத்துக் குடுத்துக்குங்க."

நான் அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு முழங்கால் வலி. அவள் வீடு இருக்கும் சிவாஜிநகரிலிருந்து அந்த இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெண்களை எதற்கும் அலைய விடுவதில்லை. கையெழுத்துப் போடுவது மாதிரியான கடின வேலைகளுக்கு அறவே கிடையாது. 'நானே ஏக வாரிசு' என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்றைக்காவது விற்கும்போது அவளுக்குச் சரிபாதி கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நிஜமாகவே நினைத்தேன். நினைத்ததற்குத்தான் சாட்சி இல்லை.

அக்கா ஹைஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சக விலாசம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். அவளிடம் வழக்குக் கட்டைக் கொடுத்து, மூன்றாவது தாளை மட்டும் படிக்காதே என்று எப்படிச் சொல்வது? அதனால் வாதியாக்கும் வழி எனக்கு அடைபட்டுப் போயிருந்தது. பிரதிவாதியாக்கினால் அவளுக்கு ஒரு கவர் வரும், 'சும்மா ஃபார்மாலிட்டி' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், அவளும் ஓரமாக வைத்துவிடுவாள். இதை நான் நம்பினேன். ஐம்பத்து மூன்று வயதில், பட்டப்படிப்பு படித்தவன்.

சேர்ப்பதற்கு மனு தயாரானது. அதனுடன் என் பெயரில் ஒரு அஃபிடவிட். அக்காவின் பெயர் 'கவனக்குறைவால் விடுபட்டுவிட்டது' என்று வக்கீல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எல்லா மனுக்களிலும் எழுதுகிற வாக்கியம்தான். கையெழுத்துப் போட்டேன்.

"அக்காவுக்கு கோர்ட் நோட்டீஸ் போகும் சார். அதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல போய்ச் சொல்லிடுங்க. பெரியவங்க, பிரதிவாதின்னு பாத்தா பயந்துடப் போறாங்க."

பயப்படப் போவது யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்கச் சொல்லவில்லை. மல்லேஸ்வரத்தில் என் வீட்டிலிருந்து போன் போட்டு, அவள் "ஹலோ" என்றதும் மழை பெய்கிறதா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். கண்டோன்மென்ட் மாதா கோயிலில் வலது பக்கம் ஐந்தாவது பெஞ்சு எங்களுடையது. நான், என் மனைவி, அக்கா. பூசையின் நடுவில் ஒரு இடம் வரும்: பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பிக் கைகூப்பி, சமாதானம் சொல்ல வேண்டும். அக்கா என் பக்கம் திரும்பினாள். கைகூப்பினாள். நானும் கூப்பினேன். வெள்ளிக்கிழமையே நோட்டீஸுக்கு ஆர்டர் ஆகிவிட்டிருந்தது.

வெளியே வந்ததும், "என்னடா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்குது? பி.பி. மாத்திரை போட்டியா?" என்றாள்.

"போட்டேங்க்கா."

"பொய் சொல்லாத."

"இன்னைக்கு மறந்துட்டேன்."

"மொதல்லயே அத சொல்றதுக்கு என்ன?" என்று தன் பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. தண்ணீரைக் குடித்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "உங்களுக்கு வாய்ங்கறது பேனாவுல மட்டும்தானா?"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்காவே போன் செய்தாள்.

"உன் ஃப்ரெண்டு ஒருத்தர் வந்துட்டுப் போனார்டா. ஆப்பிள் எல்லாம் வாங்கிட்டு வந்தார்."

"எந்த ஃப்ரெண்டு?"

"நல்லா ஒசரமா, கழுத்துல செயின் போட்டுக்கிட்டு. 'மேடம், உங்க தம்பி உங்க மேல கேஸ் போட்டிருக்காரு, பாவம் உங்களுக்குத் தெரியாதேன்னு சொல்ல வந்தேன்'னார்."

சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். நோட்டீஸ் நடந்து வருவதற்குள் முதல் பிரதிவாதி காரில் போய்விட்டார்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு..."

"ஒரு ஜெராக்ஸும் வச்சிட்டுப் போனார். ஏதோ மரமாமே. பாத்தேன்." தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. "நல்லா நேரா வளர்ந்திருக்குது," என்றாள். லைன் துண்டானது.

அரை மணி நேரத்தில் ஆட்டோவில் அங்கே இருந்தேன். கதவைத் திறந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை; நான் உட்கார்ந்தேன். காபி வரவில்லை. அத்தனை வருடத்தில் அந்த வீட்டில் எனக்குக் காபி வராதது அன்றைக்குத்தான். சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாள் இருந்தது, பறக்காமல் இருக்க ஒரு ஸ்கேல் வைத்து.

ஸ்கேலை எடுத்து அதன் நுனியால் காட்டினாள், கரும்பலகையில் காட்டுவது மாதிரி.

"இது யாரு?"

"அப்பா."

"இது?"

"அம்மா."

"அம்மாவுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்குது?"

"காலமானார்னு."

"அம்மா செத்து அப்பவே அஞ்சு வருஷம். செத்தவங்களுக்கு ஒரு கட்டம் இருக்குது. கீழ ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில யாரு?"

"நான்."

"நான் எங்கடா?"

மரம் என்றால் கிளை இருக்க வேண்டும். கிளையே இல்லாமல் ஒரு கோடு மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் கம்பு. பல வருடம் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது எனக்குக் கண்ணில் பட்டது.

"உன்ன அலைய விட வேணாமேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"தோ பாரு. அலையறதா இருந்தா அத நான் சொல்லணும். அப்பாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலைஞ்சப்ப யாரும் என்ன உக்கார வைக்கல." குரலை உயர்த்தவில்லை. "அந்த செயின்காரர் என்ன சொன்னார் தெரியுமா? என் பாதிய அவருக்கு எழுதிக் குடுத்தா கேஸ் முடிஞ்சிடுமாம். பாதி அவருது ஆயிடும், அப்புறம் நீயும் அவரும் பேசிக்குவீங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"கோர்ட்டுக்கு வாங்க, பாத்துக்கலாம்னேன்."

"அவருக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்." எழுந்தாள். "நான் பிரதிவாதிதானே? பிரதிவாதி வீட்டுல வாதிக்கு என்ன வேலை? கெளம்பு."

ஹியரிங்குக்குப் பதினோரு நாள் இருந்தது. போன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது. என் மனைவி அதில் தன் கைப்பையை வைத்தாள், பிறகு என்ன தோன்றியதோ எடுத்துவிட்டாள். நான் வக்கீலிடம் கேட்டேன்: அக்கா நிஜமாகவே எழுதிக் கொடுத்துவிட்டால்? "கொட்டகைக்காரர் உங்க பார்ட்னர் ஆயிடுவாரு சார்," என்றார். "அதுக்கப்புறம் அவர அங்கேருந்து கெளப்பறது கஷ்டம். அப்பா இடம் அதோட போச்சுன்னு வச்சுக்குங்க."

ஹியரிங் அன்று காலை கோர்ட் வராண்டாவில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது அக்காவின் பழுப்புக் காட்டன் புடவை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு முதல் பிரதிவாதி. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அக்காவின் மடியில் முத்திரைத்தாளில் அச்சடித்த பத்துப் பன்னிரண்டு பக்கம். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு அவள் படித்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

நான் போய் எதிரில் நின்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அக்கா."

"மூணாவது பக்கத்துல இருக்கேன்."

முதல் பிரதிவாதி என்னைப் பார்த்துப் பெரிய மனதோடு சிரித்தார். "வாங்க சார், உக்காருங்க. நம்ம எல்லாம் ஒண்ணுதானே. மேடம் படிக்கட்டும், அவசரம் ஏன்?"

"அக்கா, ஒரு நிமிஷம் இப்படி வா."

எழுந்து வந்தாள், தாள்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு. தூணுக்குப் பின்னால் நின்றோம். கோர்ட் நோட்டீஸோடு வந்திருந்த என் அஃபிடவிட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒரு வரியில் விரல் வைத்தாள்.

"கவனக்குறைவாலயா விடுபட்டேன்?"

"அது வக்கீலுங்க எழுதற வழக்கம்க்கா..."

"கையெழுத்து வக்கீல் போட்டாங்களா? டேய், கண்ணாடிய மறந்துட்டு வந்தா அது கவனக்குறைவு. அக்காவ மறக்கறது அது இல்ல. தெரிஞ்சே விட்டேன்னு எழுது. எழுதி அதுல கையெழுத்து போட்டு உள்ள குடு. அப்புறம் நான் இதுல கையெழுத்து போடறதா வேணாமான்னு யோசிக்கறேன்."

"எப்போ?"

"இன்னும் ஒம்பது பக்கம் இருக்குது," என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வக்கீலைத் தேடிப் பிடித்தேன். அவர் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

"சார், நீங்க என்ன சொல்றீங்கன்னு புரியுதா? வம்சவிருட்சம் பொய்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அத வச்சு வாங்கின காத்தா போயிடும். அந்தாள் வக்கீல் உங்கள கூண்டுல ஏத்தி, 'பொய் சத்தியம் பண்றது உங்களுக்குப் பழக்கமா'ன்னு ஆரம்பிப்பாரு. அந்தப் பழைய பிரமாணத்துக்கு உங்க மேல தனியா நடவடிக்கைகூட வரலாம். நான் உங்க வக்கீல், இத எழுதாதீங்கன்னுதான் சொல்வேன்."

"எழுதலேன்னா?"

அவர் வராண்டாவைப் பார்த்தார். அக்கா ஒரு தாளைத் திருப்பினாள். நான்காவதோ ஐந்தாவதோ.

நான் உத்தமனாக அந்த நேரத்தில் முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், கூண்டில் நிற்பதை நினைத்தால் பயமாக இருந்தது. அக்கா அந்தப் பேனாவை வாங்குவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. குறைந்த பயத்தின் பக்கம் போனேன்.

"சரி," என்றார் வக்கீல். "ஜட்ஜ்கிட்ட பாஸ் ஓவர் கேக்கறேன். கூப்பிடும்போது கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லலாம். ஆனா அரை மணிதான். ஓடுங்க."

ஓடினேன். என் மாதிரி உடம்புக்கு அது ஓட்டம்தான். பார்த்தவர்கள் வேறு பெயர் சொல்லியிருக்கலாம். டைப் அடிக்கும் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். முதலாமவருக்கு வாடகை ஒப்பந்தம். அவர் தன் வீட்டு விலாசத்தை மூன்று முறை மாற்றிச் சொன்னார். என் முறை வந்தபோது டைப் செய்கிற பெண், "சொல்லுங்க சார்," என்றாள். சொன்னேன். நான் வாழ்க்கையில் எழுதிய மிகச் சின்ன வாக்கியங்கள் அவை. 'என் அக்காவுக்கு இந்தச் சொத்தில் சம பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அவர் பெயரை விட்டேன்.' அவள் அதை ஆங்கிலமாக்கி அடித்துவிட்டுத் திரையையே பார்த்தாள்.

"ரீசன் போடலியா சார்? எல்லாரும் ரீசன் போடுவாங்க. அதுக்குன்னு ஒரு பேரா இருக்குது, போட்டுடவா?"

"ரீசன் இல்லம்மா."

பிரமாணம் வாங்குகிறவர் மாடியில் இருந்தார். படித்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார், படித்தேன் என்றேன். முத்திரையில் மை காய்ந்திருந்தது. அவர் அதன்மேல் வாயால் ஊதினார், குத்தினார், விழவில்லை, மறுபடி ஊதினார். நான் ஜன்னல் வழியே வராண்டாவைப் பார்க்க முயன்றேன். தூண்தான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது பெஞ்சில் முதல் பிரதிவாதி மட்டும் இருந்தார். அக்கா இல்லை. அவர் கையில் அந்த முத்திரைத்தாள் கட்டு, பேனாவும் மூடியோடு சட்டைப்பையில். கையெழுத்துப் போட்டுவிட்டாளா, போடாமலே கொடுத்துவிட்டாளா, அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நிலத்தில் கொட்டகை போடுகிறவர்களுக்கு முகத்தில் எதுவும் தெரியாமலிருப்பது முதல் தகுதி.

ஹாலுக்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனேன். அக்கா கடைசி வரிசையில் நின்றிருந்தாள். என் கையிலிருந்த தாளைக் கேட்காமலே வாங்கினாள். படித்தாள். இரண்டு வாக்கியம்தான், அதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நம்பரை இரண்டாவது முறையாகக் கூப்பிட்டார்கள்.

"மன்னிச்சிடுன்னு எதுவும் எழுதலையே?"

"கோர்ட்டுல அதெல்லாம் எழுத மாட்டாங்களாம்."

"எழுதியிருந்தா கிழிச்சிருப்பேன்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

வக்கீல் கூடுதல் அஃபிடவிட் என்று சொல்லி அதை நீட்டினார். ஜட்ஜ் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைத் தேடினார். கன்னடத்தில் கேட்டார்: இது நீங்களாகக் கொடுத்ததா, இதன் விளைவு தெரியுமா?

"தெரியும் சுவாமி."

"யாராவது வற்புறுத்தினார்களா?"

எனக்கு இரண்டடி தள்ளி அக்கா நின்றிருந்தாள், கைகளைக் கட்டிக்கொண்டு.

"இல்ல சுவாமி," என்றேன். அன்றைக்கு அந்த ஹாலில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த அஃபிடவிட்டின் நகல் தனக்கு உடனே வேண்டும் என்றார். ஜட்ஜ் அக்காவைக் கூப்பிட்டு, வழக்கில் சேர்ப்பதற்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

"என்னைச் சேர்க்கறதுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லைங்க," என்றாள் அக்கா, நல்ல கன்னடத்தில், வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். "பதில் மனு நான் தனியா போடறேன். அந்த நிலத்துல பாதி என்னது. அங்க கொட்டகை போட யாருக்கும் நான் சொல்லல."

மனு அனுமதிக்கப்பட்டது. அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

வராண்டாவில் முதல் பிரதிவாதி எங்கள் பின்னாலேயே வந்தார். "மேடம், யோசன பண்ணுங்க. கேஸு பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடும். அதுக்குள்ள நாம எல்லாம் எங்க இருப்போமோ."

"ஓடட்டும். ரிட்டயர் ஆனப்புறம் எனக்கும் வேற வேலை இல்ல," என்றாள் அக்கா. "உங்க டாக்குமென்ட்ட முழுசா படிச்சேன். ஒம்பதாவது பக்கத்துல என் தம்பிய மோசக்காரன்னு போட்டிருக்கீங்க. அத நான் சொல்லலாம். நீங்க எப்படி எழுதலாம்? எங்க பங்க நாங்க பிரிச்சுக்கறோம். நீங்க மொதல்ல கொட்டகைய பிரிங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். நிம்மதியாகச் சிரித்திருக்க வேண்டும், முடியவில்லை. அக்கா அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம் வழக்கின் மூலப் பிரதியில் திருத்தம் எழுத வேண்டியிருந்தது. கோர்ட் ஆபீஸில் போய், முதல் பிரதிவாதியின் பெயருக்குக் கீழே இரண்டாவது பெயரை வக்கீல் கையாலேயே எழுத வேண்டும், அப்படித்தான் வழக்கம். அதற்கு அக்கா வர வேண்டிய அவசியமே இல்லை. வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்காராமல் மேஜையின் எதிர்ப்பக்கம் நின்றாள்.

"மேடம், நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டீங்கதானே," என்றார் வக்கீல். "ஒரு மனு போட்டா உங்கள வாதியாவே மாத்திடலாம். தம்பி கூடவே."

"வேணாம். ஒண்ணாயிட்டோம்னு யார் சொன்னது?" என்றாள். "பிரதிவாதியா இருந்தா இவன் தாக்கல் பண்ற ஒவ்வொரு பேப்பரும் எனக்கு ஒரு காப்பி குடுத்தே ஆகணும்ல?"

"கண்டிப்பா குடுக்கணும் மேடம். சட்டம்."

"வாதியா இவன் பக்கத்துல நின்னா?"

வக்கீல் கொஞ்சம் யோசித்தார். "அப்ப... இவர் காட்டினாத்தான்."

"அப்ப நான் இங்கேயே இருக்கேன்."

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். அக்காவின் பெயரை எழுதினார். எழுதிவிட்டு நிறுத்தினார்.

"இன்னாரோட மனைவின்னு போடட்டுமா மேடம்? கல்யாணம் ஆனவங்களுக்கு அப்படித்தான் போடறது."

"மகள்னு போடுங்க," என்றாள். அப்பாவின் பெயரைச் சொன்னாள், இனிஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாக, வக்கீல் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து காத்திருந்து. அந்த நிலத்தைப் பற்றிய ஒரு தாளில் அந்த இரண்டு பெயரும் சேர்ந்து வந்தது அப்போதுதான். அதுவும் எதிரிகளின் பட்டியலில்.

"வயசு?"

"அறுபத்தி ஒண்ணு. ஒண்ணு ரெண்டு கொறைக்கலாமேன்னு பாக்காதீங்க. இந்தக் குடும்பத்துல கொறைச்சது போதும்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். வக்கீல் எழுதி, ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா அடுத்த ஹியரிங் தேதியைச் சொன்னார். அக்கா தன் டைரியில் குறித்துக்கொண்டாள், நானும் குறித்துக்கொண்டேன். காத்தாவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு எனக்கு வந்திருந்த கடிதம் பையில் இருந்தது. அதன் நகலை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் சிவாஜிநகர் பஸ்ஸுக்கு நின்றாள். நான் மெட்ரோவுக்கு நடந்தேன்.